சொல் வராதவரின் துணை: அஃபேசியாவும் மொன்றியல் நகரமும்

தொல்காப்பியர் பிறப்பியலில் ஒலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்கிறார். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தொலிகளாகிறது என்பது அவர் தரும் விளக்கம். ஆக மொத்தம் எட்டு இடங்கள். ஒலியியல் அறிஞர்கள் இன்றும் வியந்து படிக்கும் பகுதி அது.

ஆனால் இந்த எட்டு இடங்களும் பழுதில்லாமல் இருக்கும்போதே ஒருவருக்குச் சொல் வராமற் போகலாம். நாக்கு அசையும், குரல் எழும், காது கேட்கும். மனதில் நினைப்பும் இருக்கும். இருந்தும் 'தண்ணீர்' என்று சொல்ல நினைத்தவர் வாயிலிருந்து 'கதவு' என்று வரும். அல்லது ஒன்றுமே வராது. இந்த நிலையைத்தான் மருத்துவ உலகம் அஃபேசியா என்கிறது. கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1864இல் வழக்கில் கொண்டுவந்தவர் அர்மான் துரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர். தமிழில் 'பேச்சிழப்பு' என்று எழுதுவோர் உண்டு. எழுதுவது, வாசிப்பது, பிறர் சொல்வதை விளங்கிக்கொள்வது, எண்களைக் கையாள்வது எல்லாமே இதில் பாதிக்கப்படக்கூடும் என்பதால் 'மொழியிழப்பு' என்பதே பொருளுக்கு நெருக்கமானது. இக்கட்டுரையில் அஃபேசியா என்றே எழுதுகிறேன். வைத்தியசாலையில் உங்கள் காதில் விழப்போகும் சொல் அதுதான்.

மொன்றியல் நகரத்துக்கும் அஃபேசியாவுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. மூளையில் மொழி இருக்கும் இடத்தைத் தேடிய ஆய்வுகளில் முக்கியமான சில இந்நகரில் நடந்தன. அஃபேசியா உள்ளவர்களுக்கென இயங்கும் தொண்டமைப்பும், அவர்களே நடிக்கும் நாடகக் குழுவும் இங்கே உள்ளன. இந்நகரில் வாழும் எம்மவர் பலர் இவற்றை அறியாமலே இருந்துவிடுகிறார்கள்.

அஃபேசியா எப்படி வருகிறது?

மிகப் பெரிய காரணம் பாரிசவாதம். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதியின் கலங்கள் இறந்துவிடுகின்றன. பாரிசவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா ஏற்படுகிறது. தலையில் அடிபடுதல், மூளைக்கட்டி, மூளை அழற்சி ஆகியவற்றாலும் வரலாம். அடியோ அடைப்போ இல்லாமல், மூளை மெல்ல மெல்லத் தேய்வதால் படிப்படியாக வளரும் வகையும் உண்டு. அமெரிக்க நடிகர் புரூஸ் வில்லிஸ் 2022இல் நடிப்பிலிருந்து விலகியபோது அவருக்கு அஃபேசியா என்று குடும்பத்தார் அறிவித்தார்கள். 2023இல் அதன் காரணம் மூளையின் முன், பக்க மடல்களைத் தாக்கும் ஒருவகை மறதிநோய் என்று தெரியவந்தது. பாரிசவாதத்தால் வரும் அஃபேசியா இதற்கு எதிர்த்திசையில் செல்வது. முதல் நாள்தான் மிக மோசமான நாள், பிறகு முன்னேற்றம்தான்.

1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். லெபோர்ன் என்ற அந்த மனிதருக்குப் பல ஆண்டுகளாக வாயில் வந்த ஒரே ஒலி 'தான்'. கேட்பதை அவர் பெருமளவு விளங்கிக்கொண்டார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்த புரோக்கா, இடப்பக்க முன்மடலில் சேதத்தைக் கண்டார். 1874இல் ஜெர்மனியரான கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விவரித்தார். இதில் பேச்சு தங்குதடையின்றி ஓடும், ஆனால் சொற்கள் மாறி விழும், கேட்பதும் விளங்காது. தான் பிழையாகப் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாமலிருக்கலாம். முதல் வகையினர் திக்கித் திணறிக் கண்ணீர் விடுவார்கள். இரண்டாம் வகையினர், மற்றவர்கள் ஏன் தமக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறார்களில்லை என்று கோபிப்பார்கள். இவ்விரண்டுக்கும் இடையிலும் அப்பாலும் பல வகைகள் உண்டு. இருவர் அஃபேசியா ஒரேமாதிரி இருப்பது அரிது.

மூளையில் மொழியைத் தேடிய நகரம்

வைல்டர் பென்ஃபீல்ட் 1934இல் மக்கில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். காக்காய்வலிப்புக்கான அறுவைச் சிகிச்சையில் நோயாளியை விழிப்போடு வைத்துக்கொண்டு, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுப் பார்ப்பது அவரது முறை. மொழிக்குரிய இடத்தை வெட்டிவிடாமல் தப்புவதற்காகவே அப்படிச் செய்தார். ஒருமுறை ஒரு நோயாளிக்கு வண்ணத்துப்பூச்சியின் படம் காட்டப்பட்டது. மின்முனை தொட்டுக்கொண்டிருந்தவரை அவரால் பெயர் சொல்ல முடியவில்லை. முனையை எடுத்த பிறகு, அந்தப் பெயர் வராததால் அதற்கு நெருங்கிய விட்டில்பூச்சியின் பெயரையாவது பிடிக்கப் பார்த்ததாகவும் அதுவும் வரவில்லை என்றும் அவர் விளக்கினார். பூச்சி இன்னது என்ற அறிவு அவரிடம் முழுமையாக இருந்தது. பெயர் மட்டும் எட்டவில்லை. அஃபேசியா உள்ளவரின் உள்நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. பென்ஃபீல்டும் லமார் ராபர்ட்சும் இவ்வாய்வுகளை 1959இல் நூலாக்கினார்கள்.

ஜப்பானிய மருத்துவர் ஜுன் வாடா உருவாக்கிய சோதனையும் இதே நிறுவனத்தில்தான் வளர்ந்தது. கழுத்து நாடி வழியாக மயக்கமருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியை மட்டும் சில நிமிடங்கள் உறங்க வைப்பார்கள். மொழி இருக்கும் பாதி உறங்கினால் எண்ணிக்கொண்டிருப்பவரின் வாய் நின்றுபோகும். தியோடர் ராஸ்முசன், பிரெண்டா மில்னர் இருவரும் 1977இல் வெளியிட்ட கணக்கின்படி வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் 96 வீதமானோருக்கும், இடக்கைக்காரர்களில் 70 வீதமானோருக்கும் பேச்சு இடப்பாதியில் இருந்தது. பாரிசவாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்தவர்களுக்கே பெரும்பாலும் பேச்சும் போவது இதனால்தான். இடமூளைதான் வலப்பக்கத்தை ஆள்கிறது.

பிரெஞ்சு மொழிப் பக்கத்திலும் இதற்கு இணையான மரபு உண்டு. ஆன்ட்ரே ரோக் லெக்கூர் என்ற நரம்பியலாளர் கோட்-டே-நேஜில் ஆய்வு மையம் ஒன்றை வளர்த்தெடுத்தார். அவரும் கூட்டாளிகளும் உருவாக்கிய 'மொன்றியல்-துலூஸ்' சோதனைமுறை பிரெஞ்சு பேசுவோரின் அஃபேசியாவை அளக்கப் பயன்பட்டு வந்துள்ளது. தமிழ்க் கடைகளும் தமிழ்க் குடும்பங்களும் உள்ள அதே கோட்-டே-நேஜ் பகுதிதான் இது.

சங்கமும் நாடகமும்

வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சை கிடைக்கும். பிறகு வில்லா மெடிக்கா, லாவாலிலுள்ள யூத மறுவாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களில் சில வாரங்களோ மாதங்களோ மறுவாழ்வுப் பயிற்சி. அதன்பின் வீடு. ஆனால் மொழி மீள்வதற்கு மாதக் கணக்கு போதாது. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையுமே தவிர நின்றுவிடுவதில்லை. சில ஆண்டுகள் கழித்தும் புதுச் சொற்கள் திரும்பி வந்தவர்கள் உண்டு. 2016இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, பேச்சுச் சிகிச்சை பயன் தருகிறது என்பதை உறுதிசெய்தது. அரசுச் சேவை முடிகிற இடத்துக்கும் முன்னேற்றம் முடிகிற இடத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நிற்பவைதான் தொண்டமைப்புகள்.

மொன்றியலைத் தளமாகக் கொண்டு உருவான கியூபெக் அஃபேசியா உள்ளோர் சங்கம் இவற்றில் முக்கியமானது. அங்கே நடப்பது சிகிச்சை அன்று. உரையாடல் குழுக்கள், பயிற்சிப் பட்டறைகள், கூடிப் பொழுதுபோக்குதல், குடும்பத்தாருக்கான ஆதரவு என்பவைதான். கேட்பதற்கு எளிய காரியங்களாகத் தோன்றும். ஆனால் அஃபேசியா வந்தவரின் வாழ்க்கையில் முதலில் போவது நட்பு வட்டம். தொலைபேசி எடுக்க முடியாது. கலியாண வீட்டுக்குப் போனால் நாலு பேர் ஒரே நேரத்தில் கதைப்பார்கள், பின்தொடர முடியாது. வந்து பார்த்தவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் தர்மசங்கடப்பட்டு, பிறகு வராமலே விட்டுவிடுவார்கள். ஒரு சொல்லுக்காக இரண்டு நிமிடம் பொறுத்திருக்கக்கூடிய ஆட்கள் நிறைந்த ஓர் அறை அப்படிப்பட்டவருக்கு எத்தனை பெரிய விஷயம் என்பதை வெளியிலிருப்பவர் உணர்வது கடினம்.

இதைவிட வியப்பான முயற்சி, 'தெயாத்ர் அஃபாசிக்' எனப்படும் அஃபேசியா நாடகக் குழு. ஆன்-மரி தெரூ என்ற பேச்சுச் சிகிச்சையாளர் 1992இல் இதைத் தொடங்கினார். பேச இயலாதவர்களை மேடையேற்றுவதா என்று தோன்றலாம். நாடகத்தில் சொல் ஒரு பகுதி மட்டுமே என்பது தெருக்கூத்தும் வடமோடி தென்மோடியும் பார்த்த நமக்குப் புதிய செய்தி அல்ல. உடல், முகம், தாளம், மௌனம் இவையெல்லாம் அங்கே பேசுகின்றன. ஒத்திகையில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது பயிற்சியாகவும் ஆகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதுவரை 'நோயாளி' என்று இருந்தவர் மேடையில் 'நடிகர்' ஆகிறார். பார்வையாளர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். கியூபெக்கிலும் வெளியிலும் இக்குழுவினர் நடித்துவந்துள்ளார்கள். அஃபேசியா என்றால் என்னவென்று பொதுமக்களுக்கு உணர்த்தியதில் இவர்கள் பங்கு பெரிது.

இரண்டு மூன்று மொழிகள் உள்ளவருக்கு?

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் வேலை பார்த்து, மொன்றியலில் முப்பது ஆண்டு வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம், பிரெஞ்சு நான்கும் அவர் நாவில் இருந்தன. அஃபேசியா வந்தால் எது போகும், எது திரும்பும்?

பழைய மருத்துவர்கள் விதி வகுக்க முயன்றார்கள். முதலில் கற்றது கடைசிவரை நிற்கும் என்பது 1881இல் தியோதுல் ரிபோ நினைவு பற்றிச் சொன்னதிலிருந்து எடுக்கப்பட்ட விதி. நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்றார் அல்பெர் பித்ர், 1895இல். இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன. இரண்டையும் மீறிய நோயாளிகளும் உள்ளனர். இக்கேள்வியை ஆராய்வதில் பெயர்பெற்றவர் மக்கில் பல்கலைக்கழக மொழியியலாளர் மிஷேல் பரடி. மொழிகள் மீளும் வகைகளை அவர் வகைப்படுத்திக் காட்டினார். எல்லாம் ஒரே அளவில் மீள்வதுண்டு; ஒன்று நன்றாகவும் மற்றது குறைவாகவும் மீள்வதுண்டு; ஒன்று மீண்ட பின்னரே அடுத்தது தொடங்குவதுண்டு; இரண்டும் கலந்து வருவதும், ஒன்று வளர மற்றது தேய்வதும் உண்டு.

அவரும் கூட்டாளிகளும் 1982இல் வெளியிட்ட ஒரு நோயாளியின் கதை அஃபேசியா வரலாற்றில் புகழ்பெற்றது. மொரோக்கோவில் நீண்டகாலம் பணிபுரிந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி அவர். பிரெஞ்சும் அரபும் தெரிந்தவர். விபத்தில் மூளை பாதிக்கப்பட்டபின் ஒருநாள் அரபு வரும், பிரெஞ்சு வராது; இன்னொரு நாள் பிரெஞ்சு வரும், அரபு தடுமாறும். அதைவிட விசித்திரம், தானாகப் பேச இயலாத மொழிக்கு அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. மொழி அழிந்துவிடவில்லை, அதன் வாசல்தான் சில வேளை பூட்டிக்கொள்கிறது என்பதை இது காட்டியது.

பரடி தலைமையில் உருவான இருமொழி அஃபேசியாச் சோதனை பல பத்து மொழிகளில் இருக்கிறது. கன்னடம், இந்தி போன்ற இந்திய மொழிகளும் அதில் அடங்கும். ஒரு சோதனையை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு மொழியின் இலக்கணத்துக்கும் ஏற்ப அது புதிதாக ஆக்கப்பட வேண்டும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் ஈற்றை விட்டுவிட்டாலும் ஒரு சொல் மிஞ்சும். தமிழில் 'வந்தேன்' என்பதில் காலமும் இடமும் எண்ணும் சேர்ந்திருக்கின்றன. இவ்வாறு விகுதி நிறைந்த மொழிகளில் அஃபேசியா உள்ளவர்கள் விகுதியை விடுவதைவிட மாற்றிச் சொல்வதே அதிகம் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. 'நான் வந்தான்' என்று ஒருவர் சொன்னால் அது அறிவுக் குறை அல்ல, இலக்கணப் பொறி தடுமாறுவதன் அடையாளம்.

தமிழ் வீட்டில் நடப்பவை

இனி எமது வீடுகளுக்கு வருவோம். கியூபெக் மருத்துவச் சூழலில் ஒரு தமிழருக்கு அஃபேசியா வரும்போது ஏற்படக்கூடிய சில தவறான புரிதல்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, தலையாட்டல். எம்மவர் 'ஓம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுவது வழக்கம். அதைப் பழகாத சிகிச்சையாளருக்கு அது 'இல்லை' என்றே தெரியும். அஃபேசியா உள்ளவர்கள் ஆம், இல்லை இரண்டையும் மாற்றிச் சொல்வதும் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். இந்தத் தலையாட்டலைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, வட்டாரச் சொல். கதிரை, அலுமாரி, தோடம்பழம், சவர்க்காரம் என்று ஈழத்தவர் சொல்வதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் பிழையான சொல் என்று எண்ணிவிடக்கூடும். நாற்காலி, ஆரஞ்சு, சோப்பு என்பனவற்றை ஈழத்து நோயாளியிடம் எதிர்பார்க்கவும் கூடாது. நோய்க்கு முன் அவர் வீட்டில் என்ன சொல் புழங்கினார் என்பதே அளவுகோல். எழுத்துத் தமிழில் கேள்வி கேட்டால் பதில் வராமலிருப்பவர், பேச்சுத் தமிழில் கேட்டால் சொல்லிவிடுவதும் நடக்கும்.

மூன்றாவது, மொழிபெயர்க்கும் பிள்ளைகள். மகனோ மகளோ அருகிலிருந்து மொழிபெயர்க்கும்போது அப்பா சொன்ன சிதைந்த வாக்கியத்தை, அறியாமலே, சீராக்கிச் சொல்லிவிடுகிறார்கள். 'நான் வந்தான்' என்பது பிரெஞ்சில் பிழையில்லாத வாக்கியமாகப் போய்ச் சேரும். குறை மறைந்துவிடும், சிகிச்சையும் திசைமாறும். வைத்தியசாலையில் பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அவரிடமும், பிழையைப் பிழையாகவே சொல்லுங்கள், திருத்தாதீர்கள் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

நான்காவது, மரியாதை விகுதி. அவர், அவள், நீ, நீங்கள் எல்லாம் மாறி விழும். மருமகனை 'நீங்கள்' என்று அழைத்த மாமியார் திடீரென 'நீ' என்பார். மனைவியைப் பார்த்து 'தம்பி' என்பார் ஒருவர். அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டு மனம் நொந்தவர்கள் உண்டு. சொல் தேடும் கை பக்கத்துப் பெட்டியில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஐந்தாவதும் மிக முக்கியமானதும்: தேவாரம் பாடுகிறவர் ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்ற கேள்வி. சிறுவயதில் மனனம் செய்த பதிகம், ஒன்று இரண்டு என்ற எண்வரிசை, வாரநாட்கள், ஏன், கெட்ட வார்த்தைகள்கூட, அஃபேசியாவில் தப்பிவிடக்கூடும். இவை தானியங்கிப் பேச்சு எனப்படுவன. புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுவது வேறு வேலை. 'முருகன் பாட்டு முழுக்கப் பாடுறார், எங்களோட கதைக்கத்தான் பஞ்சி' என்று குற்றஞ்சாட்டுவது அநியாயம். இந்த மீதமிருக்கும் இசையையே படியாக வைத்துப் பேச்சை ஏற்றும் சிகிச்சைமுறை ஒன்று 1970களில் பொஸ்டனில் உருவாக்கப்பட்டது. சாதாரணச் சொற்றொடரை ராகமிழுத்துச் சொல்ல வைத்து, கையால் தாளம் தட்டி, மெல்ல மெல்ல ராகத்தைக் குறைப்பார்கள். எல்லாருக்கும் அது பலிக்காது, சிலருக்குப் பலிக்கிறது.

எழுத்தாளர்களுக்கு நேர்ந்தபோது

இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1783 ஜூனில் ஓர் இரவு ஆங்கில அகராதியாளர் சாமுவேல் ஜோன்சன் தலையில் ஏதோ குழப்பத்தோடு விழித்தார். தன் அறிவு தப்பியிருக்கிறதா என்று சோதிக்க இலத்தீனில் ஒரு பிரார்த்தனையைச் செய்யுளாக்கிப் பார்த்தார். செய்யுள் சிறப்பாக இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. தெரிகிறதே, ஆகவே புத்தி இருக்கிறது என்று ஆறுதலடைந்தார். வாய் மட்டும் வரவில்லை. அயலவருக்குக் கடிதம் எழுதி மருத்துவரை அழைத்தார். சில நாட்களில் பேச்சு மீண்டது.

பிரெஞ்சுக் கவி போதலேர் அவ்வளவு அதிர்ஷ்டசாலி அல்லர். 1866இல் பெல்ஜியத்தில் நோய் தாக்கியபின் அவரிடம் மிஞ்சியது ஒரு வசைச்சொல்தான். மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் வேண்டுகோளுக்கும் அதுவே. அவரைப் பராமரித்த கன்னியாஸ்திரிகள் அதைக் கேட்டு அதிர்ந்தார்கள். தானியங்கிப் பேச்சு என்ற கருத்து அன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

சுவீடியக் கவி தொமாஸ் திரான்ஸ்திரோமர் 1990இல் பாரிசவாதத்தால் பேச்சையும் வலக்கையையும் இழந்தார். இடக்கையால் பியானோ வாசித்தார். 1996இலும் 2004இலும் மிகச் சுருங்கிய கவிதைகளைக் கொண்ட தொகுதிகளை வெளியிட்டார். 2011இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருடைய மனைவி மோனிக்கா அவருக்காகப் பேசினார். ரஷ்ய இசையமைப்பாளர் ஷெபாலின் கடும் அஃபேசியாவோடு தம் ஐந்தாவது சிம்பொனியை எழுதினார். மொழி போனாலும் சிந்தனையும் அழகுணர்வும் நிற்கும் என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எப்படிக் கதைப்பது?

ரொறன்ரோவில் 1979இல் தொடங்கப்பட்ட அஃபேசியா நிறுவனமும் குறிப்பிடத்தக்கது. கணவருக்கு அஃபேசியா வந்தபின் எங்கும் போக்கிடமில்லாததைக் கண்ட பாட் அராட்டோ என்ற பெண்மணி தொடங்கியது அது. அங்கு ஆரா கேகன் வகுத்த துணையுரையாடல் முறை இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. அதன் முதல் படி, 'உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்' என்று எதிரிலிருப்பவருக்கு உணர்த்துவது. அதன்பின் வருவன எல்லாம் நடைமுறை.

தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். சிறு வாக்கியமாக, ஆனால் பெரியவரிடம் பேசும் குரலிலேயே பேசுங்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் வேண்டாம். சத்தமாகக் கத்த வேண்டாம், காது கேட்கிறது. முக்கியச் சொல்லைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். படம் வரையுங்கள், குடும்பப் படங்களையும் நாட்காட்டியையும் வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள். 'என்ன சாப்பிடுறீங்கள்?' என்பதைவிட 'சோறா, இடியப்பமா?' என்று இரண்டையும் காட்டிக் கேட்பது இலகு. அவர் சொல்லைத் தேடும்போது உடனே நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். உதவட்டுமா என்று கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கியதுபோல் நடிக்காதீர்கள். கடைசியில், 'நீங்கள் சொன்னது இதுதானா?' என்று திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

சட்டமும் அவசரமும்

பேச முடியாதவர் முடிவெடுக்க முடியாதவர் அல்லர். இதை வங்கியிலும் அலுவலகத்திலும் நிறுவுவதுதான் சிரமம். கியூபெக்கில் 2022 நவம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் 'உதவியாளர்' என்ற ஏற்பாட்டைத் தந்திருக்கிறது. ஒருவர் தம் உரிமைகள் எதையும் இழக்காமல், தமக்காக அலுவலகங்களோடு தொடர்புகொள்ளும் உதவியாளரைப் பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் மூலம் பதிந்துகொள்ளலாம். உதவியாளர் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது, முடிவு அவருடையதே. அஃபேசியா உள்ளவர்களுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. பிள்ளைகள் அப்பாவின் முழு உரிமையையும் எடுத்துக்கொள்ள விண்ணப்பிக்கும் முன் இதைப் பற்றி விசாரிப்பது நன்று.

வருமுன் காப்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்காசியருக்கு நீரிழிவும் இரத்தக்குழாய் நோய்களும் அதிகம் வருகின்றன என்பது கனடிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை. பாரிசவாதத்துக்கான மிகப் பெரிய காரணி உயர் இரத்த அழுத்தம். பாரிசவாதத்தின் அறிகுறிகளை நினைவில் வைக்கக் கியூபெக்கில் 'வீட்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 'விரைவாக' என்று பொருள். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கைகளையும் உயர்த்த முடிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் 911. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். 'கொஞ்சம் படுத்தெழும்பினால் சரிவரும்' என்று இழந்த மணிகளின் விலையைப் பிறகு ஒவ்வொரு சொல்லாகச் செலுத்த நேரிடும்.

எமக்கு முன்னுள்ளது

கியூபெக் சங்கத்தின் வேலை பெரும்பாலும் பிரெஞ்சில் நடக்கிறது. பிரெஞ்சைச் சரளமாகப் பேசிய தமிழர் அங்கு பயன்பெறலாம். நாடக முயற்சிகளிலும் சேரலாம். ஆனால் தமிழ் மட்டுமே திரும்பி வந்த முதியவருக்கு அந்த அறை எட்டாது. அவருடைய மீதமுள்ள இருபது சொற்களும் தமிழ்ச் சொற்கள். அவற்றைப் புழங்க ஓர் இடம் இல்லாவிட்டால் அவையும் துருப்பிடிக்கும்.

அந்த இடத்தை உண்டாக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கோவில் மண்டபத்திலோ நூலகத்திலோ கிழமைக்கு இரண்டு மணி நேரம் அமைதியான ஓர் அறை, ஏழெட்டுக் கதிரை, தாளும் தடித்த பேனாவும், பொறுமையுள்ள நாலைந்து தொண்டர்கள். அத்தொண்டர்களுக்கு முதலில் சங்கத்திடமோ பேச்சுச் சிகிச்சையாளரிடமோ பயிற்சி வேண்டும்; நல்லெண்ணம் மட்டும் போதாது. மொன்றியலில் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தியிருக்கிறோம், கோவில்கள் எழுப்பியிருக்கிறோம், கலைவிழாக்களுக்கு மண்டபம் நிறைத்திருக்கிறோம். பிள்ளைகளின் நாவில் தமிழ் தங்க வேண்டுமென்று இத்தனை பாடுபடும் சமூகம், அப்பிள்ளைகளுக்குத் தமிழைத் தந்தவர்களின் நாவில் அது தடுமாறும்போது ஓர் அறையாவது ஒதுக்கலாம்.

கனடாவில் ஜூன் மாதம் அஃபேசியா விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பேச்சிழந்த உறவினரோ நண்பரோ ஒருவர் இருப்பார். என்ன பேசுவதென்று தெரியாமல் போகாமலே விட்ட வீடு ஒன்று இருக்கும். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு வாருங்கள். சொல் வர நேரமெடுக்கும், இருந்து கேளுங்கள்.